மட்கார்டுச் சத்தம்

மனித குலம் இதுவரை செய்த பொருள்களில் குறை சொல்ல இடமில்லாதது ஒன்றே ஒன்றுதான்: கியர் இல்லாத, விலை மலிவான, சாதாரணக் கறுப்புச் சைக்கிள். கப்பல், ரயில், விமானம் எல்லாம் அதைச் செய்ய உட்கார்ந்து, செய்யத் தெரியாமல் வேறு எதையோ செய்துவிட்டு எழுந்து போனவர்களின் வேலை.

இந்தப் பேருண்மை ஒரு விடுமுறை நாள் காலையில், மேட்டு ரோட்டின் அடிவாரத்தில் இருந்த ஓர் ஓட்டு வீட்டின் பின்வாசலில், வாயில் பற்பசை நுரையோடு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவன் அந்த வீட்டு மாப்பிள்ளை. அருகில் மாமியார் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொப்பளிச்சிட்டுப் பேசுங்க மாப்ள. உண்மையெல்லாம் என் புடவைல தெறிக்குது."

தெருவில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர். சட்டை தைக்கும் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். வரிசை வரிசையாக மெஷின் ஓடும் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, எந்த மெஷினுக்கு எங்கே நோகிறது என்று சொல்லிவிடுவான். சத்தம் போடுகிற மெஷின் அழுகிற மெஷின் என்பது அவன் கொள்கை. எண்ணெய் விடுவான், திருகை முடுக்குவான், அழுகை நின்றுவிடும். அந்த வருஷக் கோடையில்தான் கல்யாணமாகி வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தபோது அவன் கொண்டுவந்த சொத்து ஒரு பெட்டி ஸ்பேனரும் ஒரு சைக்கிளும். சைக்கிள் பழையது, ஆனால் ஊமை. நின்றாலும் ஓடினாலும் ஒரே அமைதி. மனைவியின் அண்ணனான மச்சான்கூட ஒருமுறை, "மாப்ள சைக்கிளும் மாப்ள மாதிரி இருக்கக் கூடாதா, கொஞ்சம் பேசினா என்ன?" என்று கேட்டிருக்கிறான்.

அந்தத் தெருவில் மற்ற சைக்கிள்கள் எல்லாம் பேசின. பால்காரர் சைக்கிளின் பெடல் கீச் கீச் என்றது. மச்சான் சைக்கிளின் செயின் கவர் டிக் டிக் என்றது. டீச்சரம்மா சைக்கிளின் மணி, யாரும் தொடாமலே, பள்ளத்துக்குப் பள்ளம் தானாக அடித்துக்கொண்டது. மாப்பிள்ளைக்கு மாலைநேரத் தெரு ஓர் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருந்தது. அதில் மோசமான நோயாளி அவன் மனைவியின் சைக்கிள். பின்பக்க மட்கார்டு மதகுத் திருப்பத்திலிருந்தே கடகட என்று வரும்.

மனைவிக்கு மேட்டின் உச்சியில் இருந்த முட்டைப் பண்ணையில் வேலை. இருட்டு அறைக்குள் ஒரு விளக்கு. ஒவ்வொரு முட்டையாக அதன் முன் பிடித்து, ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் ஒதுக்கிவைக்க வேண்டும். விரிசல் முட்டைகளை வேலை முடிந்து போகிறவர்கள் பங்கு போட்டு எடுத்துக்கொள்ளலாம். அதனால் அந்த வீட்டில் என்ன சமையல் என்று யாரும் கேட்பதில்லை. மாமியார் மாலையானால் வெங்காயத்தை அரிந்து வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து ரோட்டுப் பக்கம் ஒரு காது. கடகட கேட்டதும் உள்ளே போய் வாணலியை அடுப்பில் வைப்பாள். மகள் வந்து கைகால் கழுவவும் எண்ணெய் காயவும் சரியாக இருக்கும்.

"அத்தை, ரேடியோ கேக்குற மாதிரி தினம் ரோட்டைக் கேக்குறீங்களே, இன்னைக்கு என்ன செய்தி?" என்பான் மாப்பிள்ளை.

"உங்க பொண்டாட்டி மதகு தாண்டிட்டா, அதான் செய்தி."

"அவ வீட்டுக்குள்ள வந்தாலே தெரியப்போகுது. அதுக்கு எதுக்கு வாசல்ல காவல்?"

"எனக்குப் பொழுது போகல" என்பாள் மாமியார்.

அந்த விடுமுறை நாளில் அவன் நோயாளியைக் கையில் எடுத்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். ஒரே ஸ்பேனரில் எல்லாம் கழன்று வந்தது. ஒளித்துவைக்க எதுவும் இல்லாத ஒரு பொருளைக் கழற்றுவதில் இருக்கும் சுகம், மூடியைத் திறந்தால் இன்னொரு மூடி வருகிற மெஷின்களோடு மாரடிக்கிறவனுக்குத்தான் தெரியும். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்தான். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தான். பழைய டியூபை வெட்டி ரப்பர் வாஷர் செய்து, மட்கார்டு போல்ட்டுக்கு அடியில் கொடுத்து முடுக்கினான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான். அது யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவது போலச் சுற்றியது.

சாயங்காலம் இரண்டு பேரும் மேட்டு ரோட்டில் ஏறி, பண்ணை வாசல்வரை போய், திரும்பி இறங்கினார்கள். பெடலை மிதிக்க வேண்டியதே இல்லை. புங்க மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. காதில் காற்று மட்டும். அவள் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து விரித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி சிரித்தாள்.

"ஏங்க, இது ஓடலங்க. வழுக்குது."

"இத்தனை நாள் இது சைக்கிள் இல்ல. நீ பண்டபாத்திரத்தை உருட்டிக்கிட்டு வந்திருக்க."

வாசலில் நின்ற மாமியார் துள்ளி விழுந்தாள். "ஏண்டி, திருடி மாதிரி சத்தமில்லாம வந்து நிக்கிற?" அப்புறம் மட்கார்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். அது வாயைத் திறக்கவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மாப்ள. பனி இறங்குறதுக்குள்ள பழையபடி கொஞ்சம் ஆட்டம் குடுத்து வைங்க."

"ஆட்டம் குடுக்குறதா? பல்வலி போனவன் பனிக்காலத்துக்குன்னு திருப்பி வரவழைச்சுக்குவானா அத்தை?"

மனைவியும் சிரித்துவிட்டாள். "பனி வரட்டும்மா, பாத்துக்கலாம்." மாமியார் உள்ளே போய்விட்டாள். அந்த அடிவாரத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை, அதனால் விளக்கிப் பழக்கமும் இல்லை. மச்சான் இருந்தால் சொல்லியிருப்பான். மேட்டுக் கல் குவாரியில் லாரி ஓட்டுகிற அவன், அந்த வாரம் வெளியூர் லோடு ஏற்றிப் போயிருந்தான்.

பனி அந்த வருஷம் முன்னாலேயே வந்தது. காலையில் வெயில் அடித்தது. மனைவி கைவீசிவிட்டுத்தான் மேடேறினாள். மதியத்துக்கு மேல் அணைக்கட்டுப் பக்கமிருந்து ஒரு வெள்ளைச் சுவர் நகர்ந்து வந்தது. தையல் கூடத்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் குருடாகின. சூப்பர்வைசர் எல்லா விளக்கையும் போடச் சொல்லி, சாயங்காலம் எல்லோரையும் சீக்கிரமே விட்டுவிட்டார்.

மாப்பிள்ளைக்கு அப்படியொரு பனி வாழ்க்கையில் முதல்முறை. முன்சக்கரம் தெரிந்தது, அதற்கு முன்னால் உலகம் இல்லை. கீழ் ரோடு அகலமானது, லாரி வராதது. அவன் சைக்கிள் ஓசைப்படாமல் பஞ்சுக்குள் ஊசி மாதிரி போயிற்று. வீட்டுக்குப் போனதும் சொல்ல ஒரு வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டான்.

வாசலில் மாமியார் நின்றிருந்தாள். அவன் பக்கத்தில் வந்து இறங்கும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

"மேகத்துக்குள்ள சைக்கிள் ஓட்டிட்டு வரேன் அத்தை."

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "நீங்களா? எப்ப வந்தீங்க?" பிறகு அவன் சைக்கிளையே பார்த்தாள். "அவ சைக்கிளுக்கு ஆட்டம் குடுத்தீங்களா?"

"இல்ல அத்தை."

மாமியார் திட்டியிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் மறுபடி தலையைச் சாய்த்து ரோட்டைக் கேட்க ஆரம்பித்தாள்.

"என்ன அத்தை?"

"இன்ஜினை அணைச்சுட்டுல்ல வருவாங்க."

"யாரு?"

"குவாரி லாரிக்காரங்க. பனி விழுந்தா அப்படித்தான். கண்ணு தெரியாது, இன்ஜின் சத்தமும் இருந்தா காதும் போயிரும். அதனால அணைச்சுட்டு, கண்ணாடிய இறக்கிட்டு, மெதுவா உருட்டிட்டு வருவாங்க. சைக்கிள் சத்தம் கேட்டா நிறுத்திருவாங்க."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா ரோட்ல யாரும் இல்லன்னு அர்த்தம்" என்றாள் மாமியார்.

உள்ளே அரிந்த வெங்காயம் தட்டில் இருந்தது. வாணலி அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, வந்து மாமியாருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டான். தெருவிளக்கு எரிந்தது. அது தன்னைத் தவிர எதற்கும் வெளிச்சம் தரவில்லை. பனி ஓடுகளில் சேர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. அந்தச் சொட்டு நின்றால் தேவலை போலிருந்தது.

கீச், கீச்.

"பால்காரரு" என்றாள் மாமியார், முகம் தெரிவதற்கு வெகு முன்பே.

"மேட்டுல இருந்தா வரீங்க?" மாப்பிள்ளை ரோட்டுக்கே ஓடிவிட்டான். "அவளைப் பாத்தீங்களா?"

"யாரது, விஞ்ஞானியா? என் கையையே நான் பாக்கல சாமி, உங்க வீட்டம்மாவ எங்க பாக்குறது. கடகட கேக்கல. இன்னும் கிளம்பியிருக்க மாட்டாங்க."

"அது இப்ப கடகடன்னு கேக்காது."

பால்காரர் ஒரு காலைத் தரையில் ஊன்றினார். "ஏன்?"

மாப்பிள்ளை தன் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தான். பால்காரர் அவன் ஊமைச் சைக்கிளையும் மாமியார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, வந்துருவாங்க" என்று மெல்லச் சொல்லி, கீச் கீச்சென்று போனார். அந்தச் சத்தம் கடைசித் தூரம்வரை கேட்டது. எத்தனை பத்திரமான சத்தம் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

அடுத்தது டிக் டிக். மச்சான். லாரியை அடிவார ஷெட்டில் விட்டுவிட்டு சைக்கிளில் வந்தான். ஊரிலிருந்து திரும்பிய களைப்பும் சந்தோஷமும் முகத்தில் இருந்தன.

"என்னம்மா, ரெண்டு பேரும் வரவேற்பு குடுக்குறீங்க? மாப்ள, உங்களுக்கும் ரேடியோ பைத்தியம் பிடிச்சிருச்சா?"

"மேட்டுல இருந்தா வர?" என்றாள் மாமியார்.

"ஆமா. ஊர்ல இருந்து வந்ததும் குவாரியில ஒரு நடை போட்டுட்டு வான்னுட்டாங்க. கல்லு ஏத்திட்டு உருட்டிட்டே வந்தேன். ரோடு சுத்தமா காலி. ஒரு சத்தம் இல்ல." அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "பெரிய திருப்பத்துல மட்டும் பின்சக்கரத்துக்கு அடியில எதுவோ நொறுங்குச்சு. கல்லு சரிஞ்சிருக்கும். இந்தப் பனியில இறங்கிப் பாத்தா பின்னாடி வர்றவன் நம்ம மேல ஏத்திருவான். தங்கச்சி வந்தாச்சா?"

மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"மாப்ள, என்ன?"

"அவ சைக்கிளை நான் சரி பண்ணிட்டேன் மச்சான்."

"சரி பண்ணா என்ன?"

"மட்கார்டு சத்தம் வராது."

மச்சான் சுவரில் சாய்த்த சைக்கிளை, அது விழுந்துவிடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தான். தேவையே இல்லாத வேலை. "அம்மா, டார்ச்சைக் குடு" என்றான்.

இரண்டு பேரும் நடந்தே மேடேறினார்கள். டார்ச் வெளிச்சம் ஒரு டம்ளர் பால் அளவுக்கு மேல் போகவில்லை. மாப்பிள்ளை அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். மச்சான் அவன் தோளைப் பிடித்தான்.

"கூப்புடாதீங்க. கூப்பிட்டா கேக்க முடியாது."

கேட்டார்கள். இலைகளிலிருந்து நீர் சொட்டியது. செருப்புகள் ஈரமான தாரில் ஒட்டி ஒட்டி விட்டன. ஆயிரம் மெஷின் சத்தத்துக்குள் ஒரு ஊசி முனை மழுங்கியதைக் கண்டுபிடிக்கும் அவன் காதுக்கு அவன் நெஞ்சு அடிப்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. இதைத்தானே அவன் எல்லா மெஷினுக்கும் வேண்டிக் கேட்டது. முழு அமைதி. எங்கும் ஒரு அழுகை இல்லை.

சர்ர் என்று, ஈர ரோட்டில் துணி கிழிவது போல ஏதோ மேலிருந்து வந்தது. மச்சான் அவனை ஓரத்துக்கு இழுத்து, டார்ச்சின் பின்பக்கத்தால் எல்லைக் கல்லில் டக் டக்கென்று தட்டினான். பிரேக் முனகியது. கைநீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு வீட்டளவு கறுப்பு வந்து நின்றது. அவ்வளவு பக்கம் வரும்வரை அது அங்கே இருப்பதே தெரியவில்லை.

"யாரு?" என்றது உயரத்திலிருந்து ஒரு குரல்.

"நாந்தாண்ணே. மேல சைக்கிள் எதாச்சும் கேட்டுச்சா?"

"இல்லப்பா. ஒண்ணும் கேக்கல." குரல் சற்றுத் தயங்கியது. "யாரைத் தேடுற?"

"தங்கச்சி."

"அது கடகடன்னு வருமே. கேட்டா எனக்குத் தெரியாதா? இன்னும் இறங்கல."

கறுப்பு மறுபடி ஓசையில்லாமல் உருண்டு போயிற்று. அந்த ரோட்டில் வருகிற போகிற அத்தனை பேருக்கும் அவன் மனைவியின் மட்கார்டைத் தெரிந்திருந்தது. அவன் ஒருவன்தான் அதை நோய் என்று நினைத்தவன்.

பெரிய திருப்பத்தில் அவன் கால் வழுக்கியது. கீழே கை ஊன்றினான். கை பிசுபிசுத்தது. தார் முழுக்க வழவழவென்று ஏதோ பரவியிருந்தது. அவன் கையை முகத்துக்கு அருகே கொண்டுவரவில்லை.

"மச்சான். டார்ச்சு."

மச்சான் டார்ச்சைத் தாழ்த்த வெகுநேரம் எடுத்துக்கொண்டான்.

மஞ்சள். மஞ்சளும் வெள்ளையும், நொறுங்கிய ஓடுகளும். முட்டை அட்டை ஒன்று ரோட்டோடு ரோடாக ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் டயரின் பல் வரிசை அச்சடித்தது போல் இருந்தது. மச்சான் அதன் பக்கத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"என் வண்டி டயர்தான். ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும். இந்தா இருக்கு பாருங்க."

மாப்பிள்ளை ஓரத்துப் பள்ளத்தில் இறங்கித் தேடினான். ஈரப் புல், முள், ஒரு செருப்பு. அவள் செருப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மேலே எங்கிருந்தோ அந்தச் சத்தம் கேட்டது.

டங். டங்.

எந்த மெஷினிலும் கேட்டிராத சத்தம். தகரம் மாதிரி, ஓட்டை மணி மாதிரி. நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று அவன் வேண்டிக்கொண்டான். இலைகள் சொட்டின. மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

டங். டங். டங்.

"யாரு?" என்று கத்தினான் மாப்பிள்ளை.

"நாந்தான்."

"எந்த நாந்தான்?"

"சோத்துக்கு வழி பண்ற நாந்தான். ரோட்டை விட்டு ஓரமா நில்லுங்க."

பனி அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்தது. முதலில் ஹாண்டில்பாரும் அதில் கட்டித் தொங்கவிட்ட சாப்பாட்டு டப்பாவும். பிறகு ஸ்பூன் பிடித்த கை. பிறகு சேறு அப்பிய புடவை, ஒரு காலில் மட்டும் செருப்பு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பாதி வழி இறங்கினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, என் வண்டி ஊமைன்னு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, பற்கள்தான் அடித்துக்கொண்டன. "மணி அடிப்போம்னு கை வெக்கிறேன், லாரி பக்கத்துல வந்துருச்சு. சைக்கிளோட பள்ளத்துல விழுந்தேன், மணியும் உடைஞ்சு போச்சு. கேரியர்ல இருந்த முட்டை எல்லாம் ரோட்டுக்குப் போயிருச்சு. கத்தலாம்னு பாத்தேன். தொண்டையில ஒண்ணுமே இல்ல. மேலயே ஏறிப் போயிட்டேன். பண்ணை வாட்ச்மேன் ரூம்ல உக்காந்து உக்காந்து பாத்தேன், பனி விடல."

"பாப்பா," என்றான் மச்சான், இன்னும் ரோட்டில் உட்கார்ந்தபடி. "நான்தான் ஓட்டினேன்."

"தெரியும்ண்ணே. உன் லாரி வாசனை எனக்குத் தெரியாதா? எந்திரி, இன்னொருத்தன் வரப்போறான்."

அவள் ஸ்பூனைக் கணவன் கையில் கொடுத்தாள். செருப்பை வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டாள். அவன் அடிவாரம்வரை ஒரு அடிகூடத் தவறாமல் டப்பாவைத் தட்டிக்கொண்டே வந்தான். வழியில் இரண்டு லாரிகள் கேட்டு நின்று, வழிவிட்டன.

வாசலில் மாமியார், "இது யாரு சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். மகள் முகத்தைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று வெங்காயம் மட்டும்தான். மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சாப்பிட்டு எழுந்து மாப்பிள்ளை ஸ்பேனரோடு பின்வாசலுக்குப் போனான். முடுக்கத் தெரிந்த கைக்குத் தளர்த்துவது வரவில்லை. அரைத் திருகு திருப்பி ஆட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ரப்பர் வாஷரை எடுத்தான். லேசாக ஒரு கட.

"இன்னும் கொஞ்சம் மாப்ள" என்றாள் மாமியார், சமையலறைக்குள்ளிருந்து.

இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். பிறகு தன் சைக்கிள் பக்கம் திரும்பினான்.

மறுநாள் சாயங்காலமும் பனி. கம்பெனியிலிருந்து வரும் வழியெல்லாம் அவன் சைக்கிள் லொடலொடவென்று வந்தது. மாமியார் வாசலுக்கு வரக்கூட இல்லை, உள்ளிருந்தே, "வந்துட்டீங்களா" என்றாள். வெங்காயத்தை அவனே அரிந்தான். பிறகு வாசலில் போய் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான்.

கீச், கீச் என்று வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன விஞ்ஞானி, ரேடியோவுல என்ன செய்தி?"

மாப்பிள்ளை உதட்டில் விரல் வைத்தான். பால்காரரும் பேசாமல் நின்றார். ஓடுகள் சொட்டின. மேலே எங்கோ ஒரு லாரி உருண்டு, நின்று, மறுபடி உருண்டது.

மதகுப் பக்கம் கடகட கேட்டது.

அவன் உள்ளே போய் வாணலியை அடுப்பில் வைத்தான்.